சந்தனப் பொட்டு வைத்த கிட்டார் கழுத்து

ஈப்போ,
நவம்பர் 23

அன்புள்ள ஷர்மினிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து, தெருவே தூங்கிய பிறகு எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். இங்கே நாங்கள் நலம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. கூச்சிங்கில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறாயா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பேஸ் கிட்டாரின் கழுத்தைக் கெடுத்தது மழையும் இல்லை, யார் கண்ணும் இல்லை, நான்தான். நீ போன பிறகு இரண்டு ஆயுத பூஜைக்கும் அதைச் சாமி முன்னால் சாய்த்து, கனகராஜ் மாமா தன் லாரிக்கு வைப்பதுபோலவே சந்தனம் குங்குமம் வைத்தேன். தலைப்பகுதியில் மூடி தொலைந்துபோன சின்னத் துளை இருக்குமே, பொட்டு வைக்கத் தோதான இடம் என்று அங்கேயே குழைத்து அப்பினேன். கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் டிரஸ் ராட் கம்பியின் திருகு அதற்குள்தான் இருக்கிறது என்று டிப்ளோமா படித்த எனக்குத் தோன்றவில்லை பார். ஈரம் இறங்கி, துருப்பிடித்து இறுகிவிட்டது. போன மாதம் தந்திகள் இழுத்துக் கழுத்து வில்லாக வளைந்திருந்ததைப் பார்த்துப் பயந்து, நீ வருவதற்குள் சரிசெய்யலாம் என்று அந்தத் திருகை அலன் கீ சாவி போட்டு முறுக்கினேன். நகரவில்லை. இன்னும் முறுக்கினேன். டக்கென்று உள்ளே முறிந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

டவுன் கிட்டார் கடைக்காரர் "கழுத்து போச்சுக்கா, தூக்கிப் போட்டுருங்க" என்றார். அது மாமா காதுக்குப் போனதுதான் தாமதம், "சரஸ்வதியே வேணாம்னு சொல்லிட்டா லா, பொம்பளப் புள்ளைக்கு மேடையில என்ன வேலை" என்று உனக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். நீயும் இங்கே வந்து வாசிக்கவிருந்த டிசம்பர் கச்சேரிக்கு வேறு ஆள் பார்க்கும்படி உன் குழுவிடம் சொல்லிவிட்டதாக மெசேஜ் அனுப்பினாய். அன்றைக்கே மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், "அண்ணே, போன வருசம் பூசை முடிஞ்ச மறுநாளே உங்க லாரி சிம்பாங் பூலாய் மேட்டுல ரேடியேட்டர் வெடிச்சு நின்னுச்சே, சாமி வேணாம்னுச்சுன்னு லாரிய வித்துட்டீங்களா?" போனை வைத்துவிட்டார். இருபது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலிடெக்னிக் போனபோதும் பொம்பளைக்கு மெஷின் படிப்பு எதற்கு என்றவர்தான். அன்றைக்கும் நான் நின்றுவிடவில்லை.

கழுத்தைக் கழற்றி, விரல் வைக்கும் பலகைமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடாக்கி, கேக்குக்குக் கிரீம் தடவும் மெல்லிய கத்தியை நுழைத்து, அங்குலம் அங்குலமாகப் பிரித்தேன். உள்ளே முறிந்த கம்பி சந்தன வாசனையோடு கிடந்தது. எங்கள் ஃபேக்டரியில் லேத் ஓட்டும் தர்மா அதே நீளத்தில் புதுக் கம்பி கடைந்து மரை வெட்டித் தந்தார், "அக்கா, இதுக்கும் பொட்டு உண்டா?" என்று கிண்டல் வேறு. பலகையை ஒட்டி, கிளாம்ப் போட்டுக் காயவைத்து, தந்தி மாட்டி, நாளுக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் வந்தேன். இன்று சாயங்காலம் அப்பா இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார், நேராக இருக்கிறது. உன் ஆம்ப்ளிஃபயரில் போட்டுத் தடித்த தந்தியைத் தட்டினேன், கண்ணாடி அலமாரியில் தட்டெல்லாம் ஆடியது. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை.

சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்த வருடமும் சந்தனம் வைப்பேன், கிட்டார் வைக்கும் பெட்டியின்மேல். மாமா வந்தாலும் வராவிட்டாலும் கச்சேரியில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் தவறுக்காக என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், அதைச் சாக்காக வைத்து நீ ஒதுங்க விடமாட்டேன். எல்லா நலமும் பெற்று நன்றாக இரு. குடையை மறக்காதே. வேறு ஆள் வேண்டாம், நானே வாசிக்கிறேன் என்று உன் குழுவிடம் சொல்லிவிட்டு, எனக்குச் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
தினேஸ்வரி