விண்டோஸ் பத்தா, பதினொன்றா

13 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்து தூறல். ரெயின்கோட் தோள்பக்கம் கிழிந்துவிட்டது. நனைந்தபடியே ஆபீஸ்.

நான்காவது மாடி முழுக்க இன்று எங்கள் ஐ.டி. டீம் கையில். விண்டோஸ் பத்தை எடுத்துவிட்டுப் பதினொன்று போட வேண்டும். நாளையோடு பத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது. சில பழைய மெஷின்களைப் பதினொன்று ஏற்காது. அவற்றுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், நேராக பேஸ்மெண்ட். நேற்றுவரை நன்றாக ஓடியவை. ஒருவருக்கும் ஓர் உறுத்தலும் இல்லை. "க்ளியர் பண்ணியாச்சா?" அவ்வளவுதான் கேள்வி.

சாயங்காலம் வீட்டுப் பக்கம், அல்சூர். எங்கள் சந்தின் சங்க அறை. புத்தர் படத்துக்குக் கீழே வரிசையாக ஆறு கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்டவை. வேலை விட்டு வந்ததும் அங்கே நான்தான் சொல்லித்தருகிறேன். ஆறிலும் ஒரே அறிவிப்பு: இந்தக் கணினிக்குப் பதினொன்று பெறும் தகுதி இல்லை.

தகுதி! காலேஜ் சீட்டுக்குப் போனபோது கேட்ட சொல். ஏன் என்னை நிரந்தரம் ஆக்கவில்லை என்று கேட்டபோது ஹெச்.ஆரில் சிரித்துக்கொண்டே சொன்ன சொல். இப்போது மெஷினும் சொல்கிறது.

வழிகள்:
1. பத்திலேயே இருப்பது. அப்டேட்டை ஒரு வருடம் நீட்டிக்க வழி உண்டு. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
2. லினக்ஸ். இலவசம். ஆனால் எல்லாரும் முதலிலிருந்து பழக வேண்டும்.
3. தகுதி செக்கிங்கை ஏமாற்றிப் பதினொன்றை ஏற்றுவது. ஓடும். எத்தனை நாளைக்கு என்று எவனும் சொல்ல மாட்டான்.

என் ஓட்டு ஒன்றுக்கு. அதுவும் முடியாவிட்டால் இரண்டு. மூன்று கிடையவே கிடையாது. விண்டோஸ் கம்பெனிக்காரன் தூக்கிப்போடு என்றால் தூக்கிப்போட நாங்கள் என்ன ஆபீஸ்காரர்களா?

வாங்க: இஞ்சி, ரெயின்கோட் ஒட்ட டேப்.

14, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

சாயங்காலம் சங்க அறைக்கு அமுதா அக்கா வந்தாள். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. நான் வேலை செய்யும் அதே ஆபீஸில், அதே நான்காவது மாடியில் ஹவுஸ்கீப்பிங். ஏழு வருடமாக அங்கிருக்கும் கீபோர்டுகளைத் துடைக்கிறாள்; ஒன்றைக்கூட அழுத்தக் கூடாது. அழுத்திப் பழகியதெல்லாம் எங்கள் அறையில். இப்போது என்னைவிட வேகமாக டைப் அடிப்பாள்.

போனில் ஒரு நோட்டீஸ் காட்டினாள். கான்ட்ராக்ட் ஆட்களிலிருந்து டேட்டா என்ட்ரிக்கு எடுக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஆன்லைன் டெஸ்ட். மொபைலில் எழுத முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும்.

"உக்காந்து செய்ற வேலைடி, ரேவதி. ஏழு வருஷமா அந்த மாடில நான் உக்காந்ததே இல்ல."

ஜன்னலோர மெஷினில் டெஸ்ட் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

"இன்னா சொல்லுது?"

"பதினொண்ணு வேணுமாம் கா."

"போடு."

"அதெல்லாம் முடியாது கா. போடவும் மாட்டேன்."

"முடியாதா, மாட்டியா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

மவுஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

15, புதன்

சங்க அறையில் எதை மாற்றினாலும் கை தூக்கித்தான். ஃபேனை இடம் மாற்றியதுகூட ஓட்டெடுத்து. இன்று கம்ப்யூட்டருக்குக் கூட்டம்.

நன்றாகத்தான் பேசினேன். ஓடுகிற பொருளைச் செத்தது என்று சொல்லிப் புதிதை விற்கிற வித்தை. நம் அறையில் எது இருக்க வேண்டும் என்று எங்கேயோ உட்கார்ந்திருப்பவன் முடிவு செய்வதா? பத்திலேயே இருப்போம், இன்னும் ஐந்து வருடம் ஓட்டிக் காட்டுவோம். தாஸ் அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர், சங்கச் செயலாளர், முதல் ஆளாகக் கை தட்டினார்.

அமுதா அக்கா எழுந்தாள்.

"ரேவதி சூப்பரா பேசுது. ஆனா காலைல ஆபீஸ்ல இன்னா பண்ணுது? ஒவ்வொரு டெஸ்க்கா குனிஞ்சு அவங்களுக்குப் பதினொண்ணு போட்டுக்கினு இருக்குது. நான் பக்கத்துலயே தொடச்சுக்கினு பாக்குறேன். அவங்களுக்குன்னா சம்பளம், எனக்குன்னா கொள்கையா?"

சிரிப்பு. தாஸ் அண்ணன் இன்னும் சத்தமாகக் கை தட்டினார். "இன்னாமா ரேவதி, பதில் சொல்லு!" இவர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

முடிவு: ஜன்னலோர மெஷினுக்கு மட்டும் பதினொன்று. மற்ற ஐந்தும் பத்தில். நான் கை தூக்கவில்லை. ஆனால் போடப்போவது நான்தான்.

அவள் சொன்னது சரி என்று இங்கே எழுத மாட்டேன்.

16, வியாழன்

எல்லாம் போச்சு.

சாயங்காலம் வந்ததும் ஜன்னலோர மெஷினில் ஏற்றத் தொடங்கினேன். செக்கிங்கைத் தாண்டிவிட்டது. பாதி வந்ததும் ஆபீஸிலிருந்து போன். அறைக்குள் சிக்னல் கிடையாது, வெளியே போனேன்.

ஷிப்ட் முடித்து அக்கா நேராக வந்திருக்கிறாள். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள், வந்ததும் தரையைத் துடைப்பாள். ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு ஆபீஸில் ஒரு சட்டம்: சிஸ்டம் பக்கத்தில் ஈர மாப் போட்டால் முதலில் ப்ளக்கை ஆஃப் செய்ய வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்ததிலிருந்து தினமும் வரிசையில் நிற்க வைத்துச் சொல்கிறார்கள். ஸ்க்ரீன் வேறு கறுப்பாகக் கிடந்தது. 'அணைக்காதீர்கள்' என்று நடுவில் ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில்.

ஆஃப் செய்துவிட்டாள்.

நான் கத்தினேன். "அறிவிருக்கா? கண்ணு தெரியல? ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியாதா?"

அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அப்படியே எங்க சூப்பர்வைசர். ஒரு வார்த்தை மாறல. அவனாவது சம்பளம் குடுத்துட்டுத் திட்றான்."

மிச்சத் தரையையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

மெஷின் மறுபடி எழுந்தது, பழையபடி பத்துக்குத் திரும்புகிறேன் என்றது, பாதியில் நின்றது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம். ஏற்கெனவே சாகக் கிடந்தது போலிருக்கிறது. பிறகு அதுவும் இல்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

17, வெள்ளி

வேலைக்குப் போகும் முன் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அவள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து பேசுனது தப்பு கா."

"ம்."

"இன்னொரு மெஷின்ல போட்டுத் தர்றேன். இன்னிக்கே."

"வேணாம். ஒண்ணுன்னுதான் கை தூக்கினோம். அந்த ஒண்ணுதான் போயிடுச்சே. மிச்சம் மத்தவங்களுது."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க கா."

"சொல்ல மாட்டாங்கன்னு செய்யறதா?" தட்டைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாலாவது மாடில மூலை டெஸ்க் இருக்குது பாரு, குட்டிச் செடி வெச்சது. அதுல நீ பதினொண்ணு போட்டே இல்ல?"

"போட்டேன்."

"தினம் நான்தான் தொடைக்கிறேன். அதுல டெஸ்ட் தொறக்குமா?"

"தொறக்கும்..."

"அப்ப சரி."

ஆபீஸ். நோட்டீஸை இரண்டு முறை படித்தேன். பதினொன்று உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுதலாம். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று அதில் இல்லை. எதிலும் இல்லை. எழுதாமலேயே நடக்கிற சட்டம் அது.

எங்கள் டீம் லீட் மஞ்சு, கன்னடக்காரன். அவனிடம் அந்த மெஷினுக்குக் கெஸ்ட் லாகின் கேட்டேன். எதற்கு என்றும் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டு, "நங்கே ஏனூ கொத்தில்லா!" தனக்கு எதுவும் தெரியாதாம். சொல்லிக்கொண்டே ஒரு சீட்டில் பாஸ்வேர்டை எழுதி என் பக்கம் தள்ளினான்.

அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் ரின்யூவல். பிரச்சினை வந்தால் அவள் வேலையும் போகும், என் வேலையும் போகும். பயம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

18, சனி

வெயில். திங்கட்கிழமை தீபாவளி, பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மாடியில் ஆளில்லை.

அக்காவிடம் வேறு புடவை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பச்சை யூனிஃபார்மோடுதான் வந்தாள். "இதோடதான் உக்காருவேன்."

உட்காரும் முன் கீபோர்டைத் துடைத்தாள், பழக்கதோஷம். கை தன்னால் கீழே ப்ளக்குக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாற்காலியை உயர்த்திக்கொண்டாள். ஆப் திறந்தது. டைப் அடிக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர்.

"ஏய் அமுதா! யாரைக் கேட்டு உக்காந்தே? ஏளு, ஏளு!"

எழுந்திரு என்று கன்னடத்திலும் அதட்டினான். அவள் எழவில்லை. நான் நோட்டீஸை நீட்டினேன். வாங்கவில்லை.

"உனக்கு இன்னாமா இதுல? உன் வேலையப் பாரு."

"இதான் சார் என் வேலை. இந்த சிஸ்டம் நான் போட்டது."

அவன் மேஜைக்கு அடியில் குனிந்து ப்ளக்கின் பக்கம் கை நீட்டினான்.

"தொடாதீங்க சார்." அக்கா ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓடிக்கினு இருக்குது. நடுவுல அணைச்சா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

நிமிர்ந்தான். செக்யூரிட்டியைக் கூட்டி வருகிறேன் என்று கீழே போயிருக்கிறான்.

அக்கா இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறாள். மாடி முழுக்க அந்தச் சத்தம்தான். நான் மேஜைக்கு அடியில், ப்ளக்குக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். லிஃப்ட் மேலே வருகிறது. வரட்டும்.