காமாட்சி கண் திறக்காத காலை

இன்று காலை நர்ஸ் ஒரு தட்டில், கறுப்புத் தாள் சுற்றிய ஊசிக்குழலை என் கட்டிலைக் கடந்து கொண்டுபோனாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு, வெளிச்சம் படக்கூடாத ஏதோ மருந்து. எனக்கு உன் நினைப்பு வந்தது. நாளை எனக்கு மூட்டு மாற்று அறுவை. நானே மயக்க மருந்து டாக்டர், பயப்படக் கூடாதுதான். பயப்படுகிறேன்.

நாம் கறுப்புத் தாள் சுற்றிய நாட்கள் நினைவிருக்கிறதா? முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவர்களுக்கு, எலும்பில் அடிக்கும் சுத்தியல் சத்தம் தெரியாமலிருக்கக் கொடுக்கும் இரண்டு தூக்க மருந்துகளை ஒப்பிட்டோம். ஒன்று பால் வெள்ளை, மற்றது தண்ணீர் போலத் தெளிவு. எது ஓடுகிறது என்று உனக்குத் தெரியக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் நான் மூடிவிடுவேன். நீ தலைமாட்டில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, எத்தனையாவது கூப்பாட்டில் கண் திறக்கிறார்கள் என்று மதிப்பெண் போடுவாய்.

ஒரு நாள் காலை மேஜையில் ஸ்ரீவராகம் அக்ரகாரத்து மாமி ஒருத்தி. "காமாட்சியம்மா, கண்ணு தொறங்க." பதில் இல்லை. உரக்கக் கூப்பிட்டாய். அசைவில்லை. நாடி நாற்பதை நோக்கி இறங்கியது. மரப்பு மேலே ஏறி மூச்சைப் பிடிக்கப்போகிறதோ என்று உன் முகம் வெளுத்தது. சர்ஜன் கையை எடுத்துவிட்டார். நாடிக்கு மருந்து ஏற்றிவிட்டு, தொண்டைக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டாய்.

"குருவி, ஓடு! இவங்களுக்குக் காது கேக்குமான்னு வெளிய கேளு!" குருவி, ஹாஸ்டலில் நீ எனக்கு வைத்த பேர்.

மாமியின் மகன் திகைத்தார். "காது நன்னா கேக்குமே! காமாட்சிங்கறது அம்மாவோட அப்பா வழிப் பாட்டி பேரு. அம்மாவைப் பெத்தவ தன் மாமியார் பேரைச் சொல்லப்படாதுன்னு ஆத்துல எல்லாரும் பட்டுன்னே கூப்பிட்டா. காமாட்சின்னா அவளுக்கே தெரியாது."

ஓடிவந்து காதருகே "பட்டு" என்றேன். மாமி கண்ணைத் திறந்து, "காப்பி ஆயிடுத்தா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

மாலையில் அதுவரை முடித்த மதிப்பெண் தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பினாய். "இதுல எத்தன பேர தெரியாத பேருல விளிச்சோமோ? கண்ணு தொறக்காதது மருந்தாலயா, நம்மளாலயான்னு எப்படிடி சொல்லுவே?" முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாய். என் பதவி உயர்வு அந்தத் தாள்களில்தான் இருந்தது. "ஒரு மாமிக்காக ரெண்டு வருஷத்தைக் குப்பையில போடுவியா? ஒனக்குக் கொழுப்பு!" என்று கத்தினேன்.

நான் இல்லாமலேயே நீ முதலிலிருந்து தொடங்கினாய். அதன்பிறகு நான் உனக்கு 'டாக்டர்', நீ எனக்கு 'மேடம்'. நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளினேன். ஒரு திங்கட்கிழமை நீ டியூட்டிக்கு வரவில்லை. மாரடைப்பில் போய்விட்டாய் என்றார்கள்.

நீ புதிதாக அடித்த படிவம்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மதியம் ஓர் இளம் டாக்டர் அந்தப் படிவத்தோடு வந்தாள். "மேடத்த வீட்டுல என்ன பேரு விளிப்பாங்க? அந்தப் பேருல விளிச்சாதான் சரியாவும், கேட்டீங்களா."

வீட்டில் எனக்கு அம்மா என்பதைத் தவிர வேறு பேர் கிடையாது. 'குருவி' என்று எழுதச் சொன்னேன். உன்னைத் தவிர யாரும் சொல்லாத பேர் அது. நாளை அது காதில் விழுந்ததும் நீதான் என்று நம்பி, தூக்கத்திலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். அதற்குப் பிறகு, நீ இல்லாத அறையில் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கும்.