சளிப் பரிசோதனையில் தெரியாதது

பாபநாசம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வளவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் வழக்கம்போல் நலம் என்று சொல்லிவிடுவாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் இரண்டு பேருமே அழுதுவிடுகிறோம், சொல்ல வந்தது நின்றுபோகிறது, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். குறுவை அறுத்தாயிற்று, நெல் ஈரமாக இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை, அப்பா நாலு நாளாக ரோட்டில் காயவைத்துக்கொண்டிருக்கிறார். உன் தங்கை எழில்மொழிக்குத் தஞ்சாவூரிலேயே வேலை கிடைத்துவிட்டது.

உனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று நீ சொன்ன வருஷமே நான் ஏற்றுக்கொண்டேன், அப்பாவுக்குத்தான் நாளானது. இப்போது நீ போனில் சொன்ன ஐஸ் என்கிற இந்தப் போதை மருந்துதான் எனக்குப் புதிது. பொங்கலுக்கு நீ எலும்பும் தோலுமாக வந்தாய். அங்கன்வாடியில் இருபது வருஷம் காசநோய்க்காரர்களைக் கண்ணெதிரே மாத்திரை விழுங்கவைத்தவள் நான், மெலிந்தவரெல்லாம் எனக்குக் காசநோய்தான். உன்னை இழுத்துப்போய்ச் சளி கொடுக்கவைத்தேன், ஒன்றுமில்லை என்று வந்ததும் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தேன், நீயும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாய். உன்னால் எனக்கு வெட்கமா என்று போனில் கேட்டாயே, சளியைக் கேட்டவள் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் என் வெட்கம்.

என்னோடு வேலை பார்த்த லத்தீஃபா இப்போது எச்.ஐ.வி. ஆலோசகர், அவளிடம் உன் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். ஐஸைப் போட்டால் இரண்டு மூன்று நாள் பசி தூக்கம் தெரியாதாம், எச்.ஐ.வி. வராமலிருக்கப் போடுகிற தடுப்பு மாத்திரையும் மறக்கும், ஆணுறையும் மறக்கும் என்றாள். பாதுகாப்பில்லாமல் இருந்துவிட்டால் மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதற்கு அவசர மருந்து உண்டு. இன்னொருவர் ஊசியைத் தொடாதே. மேகநோய்க்கும் ஈரலைத் தாக்கும் கிருமிக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல். எச்.ஐ.வி. இருந்தாலுமே மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் நீண்ட ஆயுசு உண்டாம். ஐஸை விட்டதும் மனசு ரொம்பச் சோர்ந்துபோகும், அந்த நாட்களில் தனியாக இருக்காதே.

அப்பாவிடம் சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள். நெல்லை முழுக்க ஒரு தடவை கிண்டிவிட்டார். பிறகு, "நம்மகிட்ட சொல்லியிருக்கான்ல, அப்ப பொழைக்கணும்னு நினைக்கிறான்" என்றார்.

நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். வாழ்த்து மட்டும் போதாது, இரண்டு தடவை எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தேதி வாங்கிப் போகாமல் இருந்துவிட்டாய், இந்தச் செவ்வாய்க்கிழமை போய் ரத்தம் கொடு. சாப்பிட்டுவிட்டுப் போ. முடிவு நல்லபடியாக இருந்தால் சாவகாசமாகச் சொல். வேறு மாதிரி இருந்தால் அந்த அறையைவிட்டு வெளியே வருவதற்குள் கூப்பிடு. அப்பா அன்றைக்கு நெல் கிண்டப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

உன் அம்மா,
செந்தாமரை