மூன்று தடவை பார்த்த படம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் உங்கள் அக்காவும் வாலுவும் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். அது உண்மையாக இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று கேட்டால் உடனே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் மகள் வாலு பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். கணக்கு மட்டும் சுமார் என்று அவளே சொல்கிறாள்; அப்படியென்றால் மோசம்தான். சலவைக் கடையில் புது இஸ்திரி மெஷின் வந்திருக்கிறது. அதன் பக்கத்தில் என்னைத் தவிர யாரையும் முதலாளி விடுவதில்லை.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா எங்களை அந்தப் படத்துக்கு அழைத்துப்போனார். படத்தில் மாடி அறைக்கு ஒருவன் குடிவருகிறான். கீழே இருக்கும் வீட்டுக்காரிக்கு அவன்மேல் சந்தேகம். அவன் தினமும் காலையில் பூட்டிக்கொண்டு போகிறான், மாலையில் வருகிறான். உள்ளே பிணம் கிடக்கிறதோ என்று அவள் நடுங்குகிறாள். கடைசியில் போலீஸ் கதவை உடைத்தால், உள்ளே ஒரு பாயைத் தவிர ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் அக்காவுக்கு வந்ததே கோபம். ஒருத்தன் பூட்டுப் போடுவதைக் காட்டவே ஐந்து நிமிடம், இதற்குப் பேர் திரில்லரா என்றார். வாலு, முதல் பாதியை வெட்டினால் நல்ல படம் என்றாள். எனக்கோ அந்தப் பூட்டும் நேரம்தான் படத்திலேயே பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சண்டை. கண்டக்டர்கூட எந்தப் படம் என்று கேட்டார்.

அன்று மாலை நீங்கள் போன் செய்தபோது, அக்கா உங்களைத் தன் கட்சியில் சேர்க்கத்தான் ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள் என் பக்கம் பேசினீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நீங்கள் இதைச் சொல்லும் வரை.

“முதல் தடவை அப்படித்தான்க்கா இருக்கும். மூணாவது தடவை பாரு, ஒவ்வொரு நாளும் அவன் பூட்டை வேற வேற மாதிரி இழுத்துப் பாக்குறது தெரியும். பதினோரு மணி ஷோவுக்குப் போ, கூட்டமே இருக்காது.”

அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சண்டைக் காட்சியிலேயே குறட்டை விடுகிறவர் நீங்கள். ஓவர்டைம், முடி வெட்டக்கூட நேரமில்லை என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தீர்கள். பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஆளுக்குப் பதினோரு மணி ஷோவில் கூட்டமில்லை என்று எப்படித் தெரியும்?

மறுநாள் அக்கா என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டார். “அவன் என் தம்பிதான், இல்லேங்கல. ஆனா தனியா எவனாவது ஒரே படத்தை மூணு தடவை பாப்பானா? பக்கத்து சீட்டுல யாருன்னு கேளு” என்றார். உங்களுக்காக அவரோடு சண்டை போட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அதன்பின் மூன்று நாள் நானும் அதையேதான் நினைத்தேன். கடையில் ஊரார் சட்டைப் பையைத் துழாவும்போதெல்லாம் உங்கள் சட்டைப் பை ஞாபகம் வந்தது. அதற்கு என்னை மன்னியுங்கள்.

நாலாம் நாள் வாலுவுக்கு நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். டீ கிளாஸைப் பிடித்திருக்கிறீர்கள். நகமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நம் கல்யாணப் போட்டோவிலேயே உங்கள் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. பத்தொன்பது வருடமாக எந்த சோப்புக்கும் அது அசைந்ததில்லை.

உங்கள் அறையில் உங்களோடு தங்கியிருப்பவருக்குப் போன் போட்டேன். காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னார். பிறகு பட்டறைக்கே போட்டேன். எடுத்தவர் வாட்ச்மேன். நான் யாரென்று சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“லேத் செக்‌ஷனை மூடி ஒரு மாசமாச்சும்மா. மெஷினையெல்லாம் லாரியில ஏத்திட்டாங்க. அதுக்கப்புறமும் உங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் ஷிப்ட் நேரத்துக்குச் சரியா வந்து, கேட்டுப் பக்கத்துல நின்னுட்டுப் போனாரு” என்றார்.

எனக்கு முதலில் வந்தது, பக்கத்து சீட்டில் யாருமில்லை என்ற நிம்மதி. அதற்காக வெட்கப்பட்டேன். அப்புறம்தான் அழுகை. யாரும் கேள்வி கேட்காத தியேட்டர் இருட்டில், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று.

அக்காவிடம் சொன்னேன். போய் மொட்டை மாடித் துணிகளை மடித்தார். புதன்கிழமை எங்களிடம் சொல்லாமல் தனியாகப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இப்போதும் இழுவைதான் என்கிறார். ஆனால் படத்தில் பூட்டுப் போடும் அந்த ஆளைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

இன்னும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. மத்தியானம் சாப்பிடுகிறீர்களா, அல்லது அந்த டிபன் பாக்ஸும் சும்மாதானா? ராத்திரி தூங்குகிறீர்களா? எங்கள் முகத்தைப் பார்க்கப் பயமா? லேத் நின்றுவிட்டால் நீங்கள் எனக்கு வேறு ஆளாகிவிடுவீர்கள் என்று யார் சொன்னது? இங்கேயும் பட்டறைகள் இருக்கின்றன. இல்லாவிட்டாலும் வீடு இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் ஓவர்டைம் என்று எழுதுவீர்கள், நான் நம்புவது போலப் பதில் போட வேண்டியிருக்கும். நேரே கிளம்பி வாருங்கள். அப்பாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் வருகிறார் என்று வாலுவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் இது. அதை மெய்யாக்கிவிடுங்கள். வழியில் ஜாக்கிரதை. உங்களுக்கு ஒரு குறையும் வராது.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி