மஞ்சப்பைக்குள் அடித்த போன்

பொன்னாடைகள் வந்து இறங்கிவிட்டன. ஒரு அட்டைப்பெட்டி நிறைய, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து. சரிபார்க்கலாமே என்று மேலே இருந்ததை உருவினேன். கஞ்சியும் புதுச் சாயமும் கலந்த வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. இதே வாசனையை ஆற்றுத் தண்ணீரோடு சேர்த்து ஒரே ஒரு தடவை முகர்ந்திருக்கிறேன். உன் தோளில் போர்த்திய ஆடை அரை மணி நேரத்துக்குள் யார் மேல் கிடந்தது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடச் சேவையாளர் விழாவில் உன் பெயரில் ஒரு விருது கொடுக்கப் போகிறார்கள். கமிட்டி கூடியபோது யாரோ சொன்னார், எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். செயலாளர் என்கிற முறையில் உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் நான்தான் பேச வேண்டுமாம். "உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கு சார் தெரியும்?" என்றார்கள். எனக்குத் தெரிந்தது என்ன என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

நான் எப்படிப்பட்ட விழாக் கிறுக்கன் என்று உனக்குத் தெரியும். கோர்ட்டில் வேலை பார்த்த காலமெல்லாம் பெயரை வரிசையாகக் கூப்பிட்டுப் பழகியவன். ஓய்வு பெற்ற பிறகு கூப்பிடுவதற்குப் பெயர் இல்லாமல் திண்டாடி, உத்தமபாளையத்தில் இந்த விழாவைத் தொடங்கினேன். ரத்தம் கொடுப்பவர், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிற பாய், ராயப்பன்பட்டியில் எங்கள் மாதா கோயில் பக்கம் மரம் வைத்து வளர்க்கிற அக்கா என்று தேடித் தேடிப் பிடித்தேன். அதில் தப்பில்லை. ஆனால் யார் எங்கே உட்கார வேண்டும், யார் கை யார் தோளில் ஆடை போட வேண்டும் என்று நான் அடித்த கூத்தைப் பார்த்துவிட்டு நீ கேட்டாயே, "ஏலே, உனக்கு ஆளு முக்கியமா, ஆளு உக்கார்ற சேரு முக்கியமா?" அப்போது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாலத்தடியில் உன் மோட்டார் காயில் கட்டும் கடை. வார்னிஷ் நாற்றத்துக்கு நடுவில் நமக்கு இரண்டு டீ. மேலே மலையில் மழை பெய்து ஆற்றில் கூடுதலாகத் தண்ணீர் விடும் நாளில், அணை ஷட்டரில் வேலை பார்த்த உன் சிநேகிதர் உனக்கு ஒரு போன் போட்டுவிடுவார். அறிவிப்பெல்லாம் உண்டுதான். கரையில் துணி துவைக்கிறவர்கள் காதில் அது விழ வேண்டுமே. நீ பாதி சுற்றிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படித்துறையாகப் போய் விசில் ஊதுவாய். கண்டக்டர் ஊதுகிற மாதிரி விசில். யாரும் உன்னை அந்த வேலைக்கு வைக்கவில்லை. "தண்ணி சத்தம் போட்டுக்கிட்டு வராது மாப்ள, நம்மதான் போடணும்" என்பாய். குளிக்கிறவர்கள் உன்னைத் திட்டிக்கொண்டே கரையேறுவார்கள். சோப்பு நுரையோடு ஏறியவர்கள் உன் தாயார் வரைக்கும் இழுத்துப் பேசுவார்கள். நீ அடுத்த துறைக்குப் போய்க்கொண்டிருப்பாய்.

உனக்கு விருது என்று நான் சொன்னபோது நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஷீல்டு எனக்கு எதுக்குடா? இந்த விசிலுக்குள்ள குண்டு தேஞ்சு போச்சு. புதுசு ஒண்ணு வாங்கிக் குடு போதும்" என்றாய். விடாமல் நச்சரித்து உன்னைச் சம்மதிக்க வைத்தது நான்.

அந்த மஞ்சப்பை விஷயமும் என் மூளையில் உதித்ததுதான். முந்தின வருடம் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது, விருது வாங்க வந்த ஒருவர் சட்டைப்பையில் குத்துப்பாட்டு அலறியது. மண்டபமே சிரித்துவிட்டது. எனக்கு நாலு நாள் மானம் போனது போல இருந்தது. அதனால் உன் வருடத்தில் ஒரு சட்டம் போட்டேன். முன்வரிசைக்காரர்கள் எல்லோருடைய போனும் என் மஞ்சப்பைக்குள். விழா முடிந்துதான் திருப்பித் தருவேன். நீ மட்டும் கொடுக்கத் தயங்கினாய். "மேல மழை மாப்ள" என்றாய். "உனக்குப் போன் வந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்று உன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். இந்த வார்த்தையை நான் சொன்னது உனக்கு நினைவிருந்திருக்கும். எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை.

பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு தாண்டியும் வரவில்லை. நம் ஊர் வழக்கம் அது. அவர் வருகிறவரைக்கும் விருது வாங்குகிறவர்கள் எழுந்திருக்கக் கூடாது, வருகிறபோது முன்வரிசை நிறைந்திருக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். நீ இரண்டு தடவை எழுந்தாய். "ஆத்துப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வெரசா வந்துர்றேன்." இரண்டு தடவையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். புது வேட்டி கசங்கக் கூடாது என்று நீ விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாய். எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்திருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் வந்தார், பேசத் தொடங்கினார். மேடை ஓரத்தில் நின்ற என் கையில் பை அதிர்ந்தது. உள்ளே கையை விட்டு எடுத்தேன். உன் போன். "ஷட்டர்" என்று இருந்தது.

யார், எதற்கு அடிக்கிறார் என்று தெரியாமல் நான் கட் பண்ணவில்லை. தெரிந்துதான் பண்ணினேன். அடுத்துக் கூப்பிட வேண்டிய பெயர் உன்னுடையது. இன்னும் ஐந்து நிமிடம்தானே, ஆடையைப் போர்த்திப் போட்டோ எடுத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுபடி அடித்தது. அதையும் கட் பண்ணிப் பைக்குள் போட்டேன். அவர் பேசி முடித்ததும் மைக்கைப் பிடித்து உன் பெயரை இழுத்துக் கூப்பிட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. அதைக் கேட்டதும், சொல்ல வேண்டியதை மறந்தே போனேன்.

விருந்தினர் உன்னைப் பற்றி மறுபடி பேசி, உன்னைப் பக்கத்தில் நிறுத்தி மறுபடி படம் எடுத்து, நீ மேடையை விட்டு இறங்குகிறபோது பாலத்துப் பக்கமிருந்து ஒருத்தர் மண்டபத்துக்குள் ஓடி வந்தார். "பொம்பளைய இழுத்துட்டுப் போயிருச்சு!" நீ ஷீல்டை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடினாய். ஆடை தோளிலேயே இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடுகிறபோதே உன் போனை எடுத்து, வந்த இரண்டு அழைப்பையும் அழித்தேன். அதற்கு மட்டும் எனக்கு மூளை வேலை செய்தது.

திராட்சை வெட்ட வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த பெண். இந்த ஆறு அவளுக்குப் புதிது. இரண்டு துறை தாண்டி, நாணலில் ஒதுங்கியிருந்தவளை நீதான் தூக்கி வந்தாய். உயிர் போயிருந்தது. மேல்படியில் அவள் சோப்பு டப்பா மூடியது மூடியபடி இருந்தது. நீ அந்தப் பொன்னாடையை உருவி அவள் மேல் போர்த்தினாய். ஜரிகையில் என் கமிட்டியின் பெயர் மினுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்து ஈர வேட்டியோடு என்னிடம் கேட்டாய். "போன் வந்துச்சா மாப்ள?"

"இல்லயே" என்றேன்.

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி" என்றாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. ஷட்டர்காரர் மாற்றலாகிப் போனார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். தோட்டத்தை ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "நீ அங்கனயே நில்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு நீ மட்டும் உள்ளே போனாய். தூரத்திலிருந்து பார்த்தேன். நீ ஏதோ சொன்னாய். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். சட்டென்று உன்னை அறைந்தார். நான் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தேன். "இவரு என்னங்க பண்ணுவாரு? இவர ஏன் அடிக்கிறீக?" என்று சத்தம் போட்டேன். நீ என் கையை எடுத்துவிட்டாய். "விடு மாப்ள. அவரு அடிக்கட்டும்." துக்கத்தில் இருப்பவர், எதிரே நின்றவனை அடித்துவிட்டார் என்று நான் நினைத்தேன். வருகிற வழியில் டீ வாங்கிக் கொடுத்தாய். உனக்குச் சூடு தாங்கவில்லை என்று ஆற வைத்துக் குடித்தாய்.

அப்புறம் எத்தனை வருடம் அந்தக் கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம்! நீ விசில் ஊதுவதை நிறுத்தவில்லை. மண்டபத்துப் பக்கம் மட்டும் வரவே இல்லை. ஒரு மத்தியானம் மோட்டார் மேல் சாய்ந்தபடியே போய்விட்டாய். உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இனி இது யாருக்கும் தெரியாது என்கிற நினைப்பு அப்போது வந்தது. வந்ததற்காக என்னையே காறித் துப்பலாம் போல இருந்தது.

தெரியாமல் இருந்தால் போதுமா? கோயில் பூசையில் யார் போனாவது பைக்குள் அதிர்ந்தால் பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் கூடுகிற நாளில் பாலத்தைக் கடக்க மாட்டேன், சுற்றிப் போவேன். போன வாரம் பட்டப்பகலில் பின்னால் விசில் கேட்டுச் சாலையின் நடுவிலேயே நின்றுவிட்டேன். பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் ஊதினார். டிரைவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

விருதை வாங்கிக்கொள்ள வர வேண்டும் என்று கேட்க முந்தாநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்துவிட்டு, "நான் வரல அண்ணே" என்றாள்.

"ஏன் தங்கச்சி?"

"அந்த மேடையில இருக்கயிலதான ஷட்டர்காரரு போன அவுக கட் பண்ணாக. அத நெனச்சே நெஞ்சு வெந்து செத்தாக. அவுக பேர்ல அதே மேடையிலயா?"

எனக்கு முதலில் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"மூணாம் நாளே ஷட்டர்காரரு வீடு தேடி வந்தாக. 'ரெண்டு தடவ அடிச்சேன், கட் பண்ணீட்டீகளே'ன்னு அழுதாக. இவுக குனிஞ்ச தல நிமிராம, 'நான்தான் கட் பண்ணேன், தப்பு என்னது'ன்னாக. அந்தப் பிள்ளையோட வீட்டுக்காரருகிட்டயும் போயி அதத்தான் சொன்னாக. கன்னம் வீங்கி வந்தாகளே, நீங்களும்தான கூட இருந்தீக?"

அன்றைக்குத் தெருமுனையில் என்னை ஏன் நிறுத்தினாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விழா அன்று உன் கையில் போனே இல்லை. பை யார் கையில் இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் சொன்னது பொய் என்று மூன்றாம் நாளே தெரிந்தும், அத்தனை வருடமும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

"இல்ல தங்கச்சி" என்றேன். "போன் அவன்கிட்ட இல்ல. என் பையில இருந்துச்சு. கட் பண்ணது நான்."

அவள் நான் குடித்த செம்பை எடுத்துத் தள்ளி வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன் இப்படி அடி வாங்கிட்டு வாரீகன்னு கேட்டேன்" என்றாள். "'யாராச்சும் ஒருத்தன் வாங்கணும்ல'ன்னாக. எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல." உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உறைகூடப் பிரிக்காத ஷீல்டு. அதன் மேல் குண்டு தேய்ந்த உன் விசில். "ரெண்டையும் நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. ஒரே ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து, "நீதானலே?" என்று கேட்டிருக்கலாம். நான் உடைந்திருப்பேன், ஆனால் சொல்லியிருப்பேன். என்னைக் காப்பாற்றினாயா, இல்லை நானாக வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாயா? டீக் குவளையை நீட்டும்போதெல்லாம் என் முகத்தை ஒரு கணம் பார்ப்பாயே, அது இதற்குத்தானா? கேட்க நீ இல்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை. மேடையில் எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு கமிட்டி என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். முன்வரிசைக்காரர்களின் போன் இந்தத் தடவை அவரவர் பையிலேயே, சத்தத்தோடு இருக்கும். பாட்டுப் பாடினால் பாடட்டும்.

ஆனால் மேடைக்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் இன்னும் அதே தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறாராம். இத்தனை வருடமாக உன்னை வெறுத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை மடித்து உன் விசிலோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். வண்டியை இந்தத் தடவை தெருமுனையில் நிறுத்த மாட்டேன், அவர் வாசல் வரைக்கும் கொண்டுபோகிறேன்.