விளக்கின் தலைமேல் ஒரு சின்ன மூன்று

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். தேர்வுகள் முடிந்துவிட்டன. விடுமுறையில் உருப்படியாக எதையாவது படிக்கலாம் என்று நூலகத்தில் உங்கள் நூலைக் கேட்டேன். லத்தீன் காதல் கவிதைகளும் அவற்றின் கிரேக்க வேர்களும் பற்றி நீங்கள் எழுதிய அதே நூல்தான். நூலகர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டிக் கொடுத்தார். "எழுதினவரே வந்து கேட்டாத்தான் இது வெளிய போகும்னு நெனச்சேன்மா" என்றார். தேதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. பதினோரு வருடத்தில் நான்தான் முதல் ஆள்.

முன்னுரை எனக்குப் பிடித்திருந்தது. காதலியின் மூடிய கதவுக்கு வெளியே நின்று அழும் லத்தீன் கவிஞர்கள் எல்லோரும் கிரேக்கர்களிடமிருந்து அந்த அழுகையை எடுத்துக்கொண்டவர்கள் என்கிறீர்கள். "கண்ணீர்கூட இரவல்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன்.

பிறகு 112ஆம் பக்கம் வந்தது. "நீ நுழைந்ததும் விளக்கு வெட்கப்பட்டுத் திரியை உள்ளிழுத்துக்கொண்டது." இதை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் நீங்கள் அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கிறது. பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாள். அதில் 'விளக்கு' என்ற சொல்லின் தலைமேல் சின்னதாக ஒரு 3 இருக்கும். அது என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கு முன்னாடி மூணு தடவதான் நாங்க பாத்திருந்தோம். அதைத்தான் யாருக்கும் தெரியாம எழுதியிருக்கார். கூச்சம்டீ உங்கப்பாவுக்கு" என்றாள். சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

நூலிலும் அதே இடத்தில் 3 இருக்கிறது. அடியில் இப்படி: "3. கிரேக்க மூலத்தில் விளக்கு சாட்சி மட்டுமே. வெட்கம் லத்தீன் கவிஞர் சேர்த்தது."

அப்போது அச்சாகாத நூலின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக் கடிதம் எழுதும்போது அடிக்குறிப்பு எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டீர்களா அப்பா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டுவிட்டு நீங்கள் வேலை செய்யும் ஊருக்கே வந்துவிட இருபதாம் தேதி ராஜினாமா கொடுக்கப்போகிறாள். அதற்குள் பதில் வேண்டும்.

உங்கள் மகள்

ஜூன் 9

அன்பு மகளுக்கு,

நூலைத் தேடிப் படித்ததில் மகிழ்ச்சி. 114ஆம் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழை உண்டு, பென்சிலால் திருத்திவிடு.

மற்றதற்கு வருகிறேன். பிறர் வரியை எடுத்தாள்வதைத் திருட்டு என்று நினைப்பது அரைகுறைப் படிப்பு. அந்த லத்தீன் கவிஞர் கிரேக்கத்திலிருந்து எடுத்தார் என்பதால் அவர் காதல் பொய்யாகிவிடாது. கடைசியில் சொந்தமாக இரண்டு வரி சேர்த்திருக்கிறார், பார். அவருடைய உண்மையான காதலி அங்கேதான் வருகிறாள். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னை மேற்கோள் காட்டாமலே எழுதிப் பிழைக்கிறார்கள்.

அம்மாவிடம் இதைக் கொண்டுபோகாதே. ஊசியும் குழாயுமாக இருப்பவளுக்கு இந்த நுட்பமெல்லாம் எட்டாது. வரும்போது வீட்டுக் கூடத்து அலமாரியில் உள்ள நான்கு குறிப்பட்டைப் பெட்டிகளையும் எடுத்துவரச் சொல். புதிய நூலின் சொற்களை அகரவரிசைப்படுத்திச் சொல்லடைவு செய்ய இங்கே ஆள் இல்லை. அவளுக்குக் கையெழுத்து தெளிவு.

அப்பா

ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

114ஆம் பக்கத்தைத் திருத்திவிட்டேன். 131லும் ஒன்று இருந்தது. உங்களுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி அந்த இரண்டு வரியைப் பார்த்தேன். அழகாக இருக்கின்றன. அப்படியானால் உங்கள் சொந்த வரிகள் எங்கே என்று தேடத் தோன்றியது. டின்னில் மொத்தம் ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றையும் நூலோடு ஒப்பிட்டேன், நீங்கள் செய்வது போலவே. முதல் கடிதம் 112ஆம் பக்கம். இரண்டாவது, 40. மூன்றாவதில் 67உம் 68உம் கலந்திருக்கின்றன. இப்படியே ஆறு. ஏழாவதில் ஒரே ஒரு வரி நூலில் எங்கேயும் இல்லை. நான்கு முறை தேடிவிட்டேன். "நாளைக்கு வரும்போது குடை எடுத்து வா."

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருவர் இரவல் கவிதையில் தன் காதலிக்கென்று இரண்டு வரி சேர்த்தார். நீங்கள் சேர்த்தது குடை. முன்னுரையில் முப்பது பக்கத்துக்கு மற்றவர்களைக் கேலி செய்ய எப்படி மனம் வந்தது? அம்மாவை அழைப்பதும் சொல்லடைவுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

ஆனாலும் கேட்கிறேன். இருபதாம் தேதிக்குள் அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். யாருடையதாகவும் இருக்கக் கூடாது. நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்

ஜூன் 16

மகளுக்கு,

உன் நிபந்தனை சிறுபிள்ளைத்தனம். இருந்தாலும் அம்மாவிடம் இதைக் காட்டு: "மை தீர்ந்த பிறகும் என் பேனா உன் பெயரையே எழுதிக்கொண்டிருந்தது."

நான்காவது பெட்டி நனையக் கூடாது.

அப்பா

ஜூன் 21

அப்பாவுக்கு¹,

203ஆம் பக்கம். கிரேக்கத்தில் எழுத்தாணி, லத்தீனில் நாணல், உங்களிடம் பேனா. எனக்குக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் தேட மாட்டேன் என்று நினைத்தீர்களா, அல்லது உங்களுக்கே தெரியவில்லையா? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் தேதி மாலை அம்மா வேலை முடிந்து வந்ததும் நூலையும் முதல் கடிதத்தையும் மேசைமேல் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று பார்த்தாள். குழாயில் ஒட்டிய சீட்டையும் படிவத்தையும் ஒத்துப்பார்ப்பது போல. அடிக்குறிப்பையும் படித்தாள். எல்லாம் எட்டியது அப்பா.

"ஒரே சாம்பிள்தான்" என்றாள்.

கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு சொன்னாள்: "விளக்கு, வெட்கம் எல்லாம் அப்பவே எனக்கு ஒண்ணும் புரியலடீ. அந்த மூணு மட்டுந்தான் எனக்குன்னு நெனச்சேன்."

பிறகு கைப்பையிலிருந்து ராஜினாமா உறையை எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எழுத ஆரம்பித்தாள். கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

பெட்டிகள் நான்கையும் பார்சலில் அனுப்பிவிட்டோம். நான்காவதை அம்மாவே பிளாஸ்டிக்கில் சுற்றினாள். அதற்குள் ஆறு கடிதங்கள் இருக்கின்றன. உங்கள் குறிப்புகளோடு சேர வேண்டியவை. ஏழாவதை அம்மா தரவில்லை. அது கிடைத்த மறுநாள் நிஜமாகவே மழை பெய்ததாம்.

நூலை நேற்று நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேதித் தாளில் இப்போது ஒரு முத்திரை இருக்கிறது.

உங்கள் மகள்

1. முந்தைய இரு பிரதிகளிலும் இதற்கு முன் 'அன்புள்ள' என்ற சொல் உண்டு. இந்தப் பிரதியில் இல்லை.