நீலமாகிப்போன பள்ளிக்கூடச் சுவர்

முத்துக்குமாருக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நானும் உன் அண்ணி கீதாஞ்சலியும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எங்களுக்கு நலம். நான் சொல்லச் சொல்ல அண்ணிதான் எழுதுகிறாள், நடுநடுவே நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை புரண்டு பாகூர் வயலெல்லாம் முழுகிய கார்த்திகையில்தான் அந்தப் படம் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம், குண்டு பல்பு எரிந்தது, அண்ணி செல்போனில் உன் அண்ணன் கோவிந்தராஜைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினாள். ஷார்ஜா ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துகிறவன் நீ, ஒரே மஞ்சளாக இருக்கிறது, பல்பு வெளிச்சம் அப்படி என்று சொல்லி, கண்ணின் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி முழுப் படத்தையும் சரிசெய்து திருப்பி அனுப்பினாய். அண்ணன் முகம் தெளிவாக வந்தது, ஆனால் பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர் நீலமாகிவிட்டது. ‘இன்னாடா இது, தம்பி அங்கேர்ந்தே பள்ளிக்கூடத்துக்கு பெயின்ட் அடிச்சிட்டான்’ என்று கோவிந்தராஜ் சிரித்தான், நாங்களும் சிரித்தோம். அந்த மஞ்சள் பல்பில் இல்லை, காமாலையாக அவன் கண்ணிலேயே இருந்தது என்று தை பிறந்து பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது, மாசியில் அவனும் போய்விட்டான்.

‘அண்ணன நான்தான் சாவடிச்சிட்டேன் அண்ணி’ என்று போனில் அழுதாயாம், அதோடு உன் குரலே இல்லை. நீ பார்த்தது படத்தைத்தானப்பா, நாங்கள் ஆளையே பார்த்தோம், பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம், தண்ணியில் நின்ற சோர்வு என்று அவனே சொன்னான். வருகிற மாசியில் வருஷப் படையல், எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்று வில்லியனூர் ஸ்டுடியோக்காரர் கேட்கிறார். நீ திருத்தியதையே வைக்கலாம், அண்ணன் ஆசையாகப் பார்த்த படம் என்கிறாள் அண்ணி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இப்போது என் பயம் உன்னைப் பற்றித்தான். பேசாமல் படம் மட்டும் அனுப்புகிறாய், அதில் கன்னம் பளபளக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுப்பே இல்லை. ‘மாமா, இது தூக்கம் கெட்டு வேல செய்யறவன் மூஞ்சியா, திருத்தி அனுப்பறான்’ என்கிறாள் அண்ணி. பகல் வெளிச்சத்தில் நின்று, எதையும் தொடாமல் ஒரு படம் அனுப்பு. கறுத்திருந்தாலும் இளைத்திருந்தாலும் இருக்கிறபடியே பார்க்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஒருதரம் ரத்தமும் பார்த்துக்கொள், மறக்காதே.

நல்லபடியாக இரு. உன் அம்மா ‘தானே’ புயல் அடித்த வருஷம் போனாள், அக்கா ஜெயமணி கொரோனாவில் போனாள், கோவிந்தராஜும் இல்லை. நான் பெற்றதில் மிச்சம் முத்துக்குமார் ஒருத்தன்தான்.

அப்பா அரங்கநாதன், கைநாட்டு.